ஆறாவது கட்டத்தில் ஒரு 'நில்'

ஓசூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் தீர்த்தகிரியைப் 'பேன் எண்ற மேஸ்திரி' என்றுதான் சொல்வார்கள். சர்க்கார் விவசாய டிப்போவில் அவர் களமேஸ்திரி. விதை கொண்டுபோய்க் கொடுப்பது, உரம் போடச் சொல்லிக்கொடுப்பது, புது மருந்து வந்தால் நாலு வயலில் அடித்துக் காட்டுவது எல்லாம் அவர் வேலை. மருந்து அடிப்பதற்கு முன்னால் பத்துச் செடியைத் தேர்ந்தெடுத்து, செடிக்கு மூன்று இலை வீதம் திருப்பிப் பார்த்து, அடியில் அப்பியிருக்கும் செடிப்பேனை ஒவ்வொன்றாக எண்ணுவார். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று திரும்ப வந்து அதே செடிகளில் எண்ணுவார். "சுமாரா எரநூறுன்னு எழுதிக்கங்களேன்" என்று யாராவது சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். நூற்றுத்தொண்ணூற்று மூன்று என்றால் நூற்றுத்தொண்ணூற்று மூன்றுதான்.

அவர் பிறந்தது கல்லாவியில். இருந்த மானாவாரி நிலம் தம்பிக்கே போதாது என்று எட்டாம் வகுப்புவரை படிக்கவைத்து அவரை வேலைக்கு அனுப்பினார்கள். 1951இல் ஓசூருக்கு வந்து சேர்ந்தபோது வயது முப்பத்தொன்று. மனைவி வெள்ளையம்மாவோடு ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. தெலுங்கும் கன்னடமும் வந்த ஆறு மாதத்திலேயே பேசப் பழகிவிட்டார். இரண்டும் இல்லாமல் அங்கே ஒரு வயலிலும் வேலை நடக்காது.

1954ஆம் வருஷம் மாசி மாதத்தில் டிப்போவுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே வைக்கோல் சுற்றிய பன்னிரண்டு அலுமினிய டப்பாக்கள். மூடியைத் திறந்தால் அழுகிய பூண்டு நாற்றம். அதுவரை அவர்கள் அடித்ததெல்லாம் பொடி. இது தண்ணீரில் கலந்து அடிக்கும் எண்ணெய். நாலு கேலன் தண்ணீருக்கு ஒரு அவுன்ஸ் போதும் என்றார்கள். இந்தத் தாலுகாவில் இதைக் குடியானவர்களுக்குச் சிபாரிசு செய்யலாமா, கூடாதா என்று மூன்று போகம் சோதித்து எழுதி அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவும் கூடவே வந்திருந்தது. அதற்கென்று தனி ஃபாரம். ஆறு கட்டங்கள். முதல் ஐந்தும் பயிரையும் பூச்சியையும் பற்றியவை. ஆறாவதில், தெளித்த ஆட்களுக்கோ கால்நடைகளுக்கோ தீங்கு ஏதாவது நேர்ந்ததா என்று கேட்டிருந்தது.

பாகலூர் போகிற வழியில் கோவிந்தப்பன் என்பவரின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் முதல் சோதனை நடந்தது. அடிக்க வந்தவன் திம்மப்பன். அந்தத் தோட்டத்தின் கூலியாள், முப்பது வயது, வாய் ஓயாமல் பேசுகிறவன். அவன் மனைவி கெம்பம்மா கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினாள்.

"பூண்டு நாத்தம் அடிக்குதே சாமி. ரசத்துக்குப் போடற சாமானா இது?" என்றான் திம்மப்பன்.

"வெளையாடாதப்பா. கையில படாம கலக்கு."

"கையில படாம எப்படிங்க கலக்கறது?"

டப்பாவோடு வந்த ஆங்கிலக் காகிதத்தில் ரப்பர் கையுறை, முகமூடி என்றெல்லாம் போட்டிருந்தது. டிப்போவில் எதுவும் இல்லை. தீர்த்தகிரி ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்தார்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். முதுகில் மாட்டிய பம்பு மூடியோரம் கசிந்து திம்மப்பனின் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. பதினோரு மணிக்கு அவன் பேச்சு நின்றது. பம்பை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் வேர்வை ஊற்றியது. இரண்டு முறை வாந்தி எடுத்தான். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது, துடைக்கத் தூக்கிய கை நடுங்கியது. தீர்த்தகிரி அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. சட்டையைக் கழற்றி, கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றி, புளிய மரத்தடியில் படுக்கவைத்தார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தான். அன்று வரப்பில் மேய்ந்த வெள்ளாடு இரண்டு மறுநாள் காலையில் கால் விறைத்துக் கிடந்தன.

தீர்த்தகிரிக்குச் சொந்தமாக வருஷத்துக்கு ஒரு நோட்டு உண்டு. வயலில் பார்த்ததை அன்றன்றைக்கு அதில் தமிழில் எழுதிவிடுவார். அதில் எல்லாவற்றையும் மணிக்கணக்கோடு எழுதினார். ஏழாம் நாள் பேன் எண்ணி முடித்ததும், ஃபாரத்தின் ஆறாவது கட்டத்தில் அதையே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நெருக்கி எழுதி டிமான்ஸ்ட்ரேட்டரிடம் கொடுத்தார்.

டிமான்ஸ்ட்ரேட்டர் என்பது டிப்போவின் தலைவர் பதவி. சென்னகிருஷ்ணன் என்பவர் அதில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆட்களைத் திட்டமாட்டார். ஒருமுறை வெள்ளையம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவரே டாக்டருக்குச் சொல்லியனுப்பியவர்.

"என்னய்யா இது, ஆறாவது கட்டத்துல கதையே எழுதியிருக்கே" என்றார்.

"நடந்ததுதாங்க சார்."

"காலையில கஞ்சி குடிக்காம வந்திருப்பான். இந்த வெயிலுக்கு யாருக்கும் வாந்தி வரும்."

"கண்மணி சுருங்கிப் போச்சுங்க சார். வெயில்ல அப்படி ஆகாதுங்க."

"நீ டாக்டரா?"

"இல்லீங்க."

"அப்ப டாக்டர் எழுதவேண்டியதை நீ ஏன் எழுதறே? இது மேல போனா பத்துக் கேள்வி திரும்பி வரும். கையுறை இருந்துதா, இல்லைன்னா ஏன் இல்லை, அது இல்லாம ஏன் அடிக்கவிட்டேன்னு கேப்பான். நீ பதில் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சென்னகிருஷ்ணன் ஃபாரத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"கோவிந்தப்பன் தோட்டத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். ஒரு எலையில ஓட்டை இல்லை. அத்தனையும் பெங்களூருக்கு லாரியில ஏறப் போகுது. இப்படி ஒரு மருந்தை ரெண்டு ஆட்டுக்காக வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?"

தீர்த்தகிரியின் வேலை அப்போது தற்காலிகம். நிரந்தரம் ஆக்கச் சொல்லும் காகிதம் மூன்று மாதமாக அந்த மேஜையின் இழுப்பறையில்தான் இருந்தது. சென்னகிருஷ்ணன் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தீர்த்தகிரி வேறொரு ஃபாரம் வாங்கி எழுதினார். ஒன்றும் இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில் 'நில்' என்று போடுவது ஆபீஸ் வழக்கம். மூன்றே எழுத்து. கீழே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த போகத்தில் அவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. சூளகிரிப் பக்கம் அவரைச் செடிக்கு அடித்தபோது இரண்டு பேருக்குத் தலைசுற்றலும் வயிற்றுப்போக்கும் வந்தன. நோட்டில் எழுதினார். ஃபாரத்தில் 'நில்' போட்டார். மூன்றாவது போகத்தில் நாலு பேர். ஒருத்தி மருந்து அடித்த மறுநாள் காய் பறிக்கப் போனவள், பம்பையே தொடாதவள். அதையும் நோட்டில் எழுதிவிட்டு ஃபாரத்தில் 'நில்' போட்டார். உண்மை எங்கேயோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போது போதுமானதாக இருந்தது. வேலையும் நிரந்தரமாயிற்று.

மூன்று ஃபாரங்களையும் வைத்து மருந்து சிபாரிசுப் பட்டியலில் ஏறியது. இனி ஊர் ஊராகக் காட்டவேண்டும். பூண்டு மருந்து ஆளைக் கவிழ்க்கும் என்று அதற்குள் பேச்சுப் பரவியிருந்ததால், ஆட்கள் பம்பைத் தொடவே பயந்தார்கள். "நீ கையை விட்டுக் காட்டு, உன்னை நம்புவாங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

தீர்த்தகிரி காட்டினார். சந்தை நாட்களில் கூட்டம் கூட்டி, கலந்த மருந்து இருக்கும் வாளியில் முழங்கைவரை கையை விட்டு எடுத்து, விரல்களை உதறுவார். "பாருங்க, என்ன ஆச்சு எனக்கு? பூச்சிக்குத்தான் இது விஷம்" என்பார். கூட்டம் கலைந்ததும் வண்டிக்குப் பின்னால் போய் லைஃபாய் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுவார். மத்திகிரி, கெலமங்கலம், அஞ்செட்டி வரைக்கும் போனார். ஒரு கூட்டத்தில் திம்மப்பனும் முன்வரிசையில் நின்றிருந்தான். வாளியிலிருந்து வெளியே வந்த கையைப் பார்த்தவன், சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "அன்னைக்கு எனக்கு வந்தது பித்தம்தான் போல."

1957இல், கார்த்திகை மாதம், கோவிந்தப்பன் மூன்று ஏக்கரில் அவரை போட்டிருந்தார். திம்மப்பன் தொடர்ந்து மூன்று நாள் மருந்து அடித்தான். பம்பு அதே கசிகிற பம்பு. மூன்றாம் நாள் பிற்பகல் கோவிந்தப்பனின் ஆள் ஒருவன் சைக்கிளில் டிப்போவுக்கு வந்து, மேஸ்திரியை உடனே கூப்பிடுகிறார்கள் என்றான்.

தீர்த்தகிரி போனபோது திம்மப்பன் வரப்பில் கிடந்தான். மூச்சு இழுத்தது. வாயோரம் நுரை. தொடைச் சதை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. மாட்டுவண்டியில் போட்டு, ரோட்டுக்கு வந்து, தக்காளி ஏற்றிப்போன ஒரு லாரியை நிறுத்தி ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் இருந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தவுடன், "என்ன மருந்து அடிச்சார்?" என்று கேட்டார். இருந்த ஊசிகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திம்மப்பன் இறந்துபோனான்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "இதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் யாருக்காவது இப்படி வந்திருக்கா? எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? தெரிஞ்சிருந்தா இன்னும் நெறைய ஊசி வரவழைச்சு வெச்சிருப்பேன்."

"இல்லீங்க" என்றார் தீர்த்தகிரி.

ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் என்ன எழுதினாரோ, ஊரில் அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. கிராம முன்சீப் சாவுக் கணக்கில் பேதி என்று எழுதிக்கொண்டார். கோவிந்தப்பன் அப்படித்தான் சொன்னார்.

அடுத்த வருஷம் கோடையில் பத்திரிகைகளில் பெரிய செய்தி வந்தது. மேற்கே கேரளத்தில் மாவு மூட்டைகளோடு சேர்ந்து வந்த இதே மருந்து கசிந்து, அந்த மாவைத் தின்ற நூறு பேருக்குமேல் இறந்துபோனார்கள். அதன்பின் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். எந்த மருந்தை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி தாலுகா தாலுகாவாக வந்தார். ஆவணி மாதம் கிருஷ்ணகிரி பங்களாவில் விசாரணை என்றும், மருந்தைக் கையாண்டவர்கள் வந்து சொல்லலாம் என்றும் டிப்போவுக்குக் கடிதம் வந்தது.

தீர்த்தகிரி நோட்டுகளை எடுத்து வைத்துப் படித்தார். மூன்று போகத்தில் ஏழு பேர். எண்ணிக்கை அவருக்கு மறந்திருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெயராகப் படித்தார். பிறகு கெம்பம்மாவைத் தேடிப் போனார். அவள் வேறொருவர் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கிருஷ்ணகிரிக்கு வந்து நடந்ததைச் சொல்லணும்மா. பேதி இல்லேன்னு நீ சொன்னா எழுதிக்குவாங்க."

"நான் சொன்னா யாரு சாமி நம்புவாங்க? முன்சீப்பே எழுதிட்டாரு."

"எங்கிட்ட சாட்சி இருக்குது. அன்னன்னைக்கு நானே எழுதி வெச்சது."

"என்னா எழுதியிருக்கீங்க? படிங்க கேக்கறேன்."

அவர் 1954ஆம் வருஷத்து நோட்டைப் பிரித்து, அவளுக்குப் புரியும்படி கன்னடமும் தமிழுமாகப் படித்தார். பதினோரு மணி, வாந்தி இரண்டு முறை, கை நடுக்கம், கருமணி கடுகளவு, ஆடு இரண்டு. கெம்பம்மா களைக்கொத்தைக் கீழே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது கோஸ் தோட்டத்துல நடந்தது இல்லீங்களா? நான் தண்ணி ஊத்துன அன்னைக்கு."

"ஆமா."

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

தீர்த்தகிரி நோட்டை மூடினார்.

"அதுக்கப்புறந்தானே சாமி சந்தையில கையை விட்டுக் காட்டினீங்க. அவரு வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாரு, மேஸ்திரி கையே விட்டாரு, ஒண்ணும் ஆகலைன்னு." அவள் குரல் ஏறவில்லை. "ஏனு மாடோது, என்ன செய்யறது. நீங்க போய்ச் சொல்லிக்கங்க சாமி. நான் வரலை."

குனிந்து மறுபடியும் களை வெட்டத் தொடங்கினாள். அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

கிருஷ்ணகிரி பங்களாவில் அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். நோட்டுகளை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பக்கத்து நாற்காலியில் சென்னகிருஷ்ணன் இருந்தார். அவர் அதற்குள் பெரிய பதவிக்கு உயர்ந்து சேலம் போயிருந்தார், விசாரணைக்காக வந்திருந்தார்.

"இது சர்க்கார் கொடுத்த நோட்டா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க. என் சொந்த நோட்டு."

"அப்ப எப்ப வேணும்னாலும் எழுதியிருக்கலாம்."

"அன்னன்னைக்கு எழுதினதுங்க."

அதிகாரி ஒரு கட்டை அவிழ்த்து மூன்று ஃபாரங்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"நோட்டுல ஏழு பேர்னு இருக்கு. இதுல மூணு தடவையும் நில். ரெண்டும் உங்க கை. நான் எதை நம்பறது?"

"நோட்டைத்தாங்க. ஃபாரத்துல எழுதினது பொய்."

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

தீர்த்தகிரி சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். அவர் ஃபாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நில் போடு' என்று அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை என்பது அப்போதுதான் தீர்த்தகிரிக்கு உறைத்தது. கேள்விகள்தான் கேட்டார். இரண்டாவது தடவை கேள்விகூடக் கேட்கவில்லை.

"நாந்தாங்க எழுதினேன்" என்றார்.

"மேஸ்திரி நல்ல வேலைக்காரர்" என்றார் சென்னகிருஷ்ணன், மெதுவாக. "ஆனா எனக்கு வந்த ஃபாரத்துல நில்னுதான் இருந்தது. அதை நம்பித்தான் மேல அனுப்பினேன்."

மேஜையில் இருந்த மூன்று ஃபாரங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். வாந்தியையும் ஆட்டையும் எழுதி அவரிடம் முதலில் கொடுத்த ஃபாரம் இப்போது எங்கும் இல்லை.

தீர்த்தகிரி திம்மப்பனின் சாவைச் சொன்னார். அதிகாரி சாவுக் கணக்கின் நகலை வரவழைத்துப் பார்த்தார். பேதி என்று இருந்தது. அந்த இளம் டாக்டர் எங்கேயோ மாற்றலாகிப் போயிருந்தார். அதிகாரி நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது வருத்தப்பட்ட மாதிரிதான் சொன்னார். "நீங்க அன்னைக்கே இதை எழுதியிருந்தா, இந்தத் தாலுகாவோட ஃபாரம் ஒண்ணே போதும், அந்த மருந்தை நிறுத்தறதுக்கு. இப்ப என்கிட்ட இருக்கறது பொய் எழுதினேன்னு சொல்ற ஒருத்தரோட வார்த்தை."

1959 பொங்கல் கழித்து இரண்டு காகிதங்கள் ஒரே வாரத்தில் டிப்போவுக்கு வந்தன. ஒன்றில், ஓசூர் தாலுகாவில் நம்பத்தகுந்த பதிவு எதுவும் கிடைக்காததால், இம்மருந்தைத் தக்க எச்சரிக்கையோடு தொடர்ந்து விற்கலாம் என்று இருந்தது. ரப்பர் கையுறை, முகமூடி, நீண்ட அங்கி, பூட்ஸ் அணிந்து அடிக்கவேண்டுமாம். காய் பறிப்பதற்கு முன்னால் மூன்று வாரம் விடவேண்டுமாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிவரை ஒரு கடையிலும் ரப்பர் கையுறை விற்கவில்லை. மூன்று வாரம் விட்டால் அவரை முற்றிப்போகும். மற்றொரு காகிதம் தீர்த்தகிரிக்கு. பொய்ப் பதிவு செய்த குற்றத்துக்காக அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அந்த மருந்து விஷயத்தில் தண்டனை பெற்ற ஆள் அவர் ஒருவர்தான்.

வெள்ளையம்மா காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"பொய்யின்னு ஒத்துக்கிட்டது நீங்க மட்டுந்தான். அதான் உங்களைப் புடிச்சுட்டாங்க" என்றாள்.

"ஒத்துக்காம இருந்திருக்கணுங்கறியா?"

"ஒத்துக்கறதா இருந்தா மொதல்லியே ஒத்துக்கிட்டிருக்கணும். ஒரு பொம்பளைக்குப் புருஷனாவது மிஞ்சியிருப்பான்."

சாமான்களைக் கட்டிக்கொண்டு இருவரும் கல்லாவிக்கு வந்துவிட்டார்கள். தம்பி தடுக்கவில்லை. கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் அவனுக்கு இப்போது இருந்தது. கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தான். வந்த மாதத்திலேயே தீர்த்தகிரி மாட்டுக் கொட்டகைப் பரணில் அந்த அலுமினிய டப்பாவைப் பார்த்தார்.

"இதை அடிக்க வேணாண்டா."

"ஏண்ணா? சர்க்காரே விக்குது."

"நான் சொல்றேன், வேணாம். ஆளு செத்திருக்கான்."

"நீ சொன்னதை ஆபீஸ்லயே கேக்கலியே. பேன் விழுந்து பயிரு போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?" தம்பி கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான்.

அந்த வயலுக்கு வழக்கமாக மருந்து அடிப்பவன் மாதையன். வீட்டில் நாலு பிள்ளைகள். முழங்காலுக்கு மேல் துண்டு, வெற்று முதுகு. அவன் பம்பை எடுக்கப் போனபோது தீர்த்தகிரி குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார். பழைய காக்கிச் சட்டையின் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டியபடி அவரே அடித்தார். நாற்பது வயதை நெருங்கிய உடம்பு. முதல் நாளே தலை கனத்தது. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்த தடவையும் அவரே. அதற்கடுத்த தடவையும் அப்படியே. மாதையனை மருந்து வாசனை அண்டவிடவில்லை. ஒருநாள் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது மாதையன் வந்து சற்றுத் தள்ளி நின்றான்.

"பெரியவரே, நான் என்னாங்க தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலியே. ஏன்?"

"மருந்து அடிச்சாத்தான் எனக்கு ஒண்ணரைக் கூலி. அதை நீங்களே எடுத்துக்கிட்டீங்க. இப்ப மத்தூர்ப் பக்கம் ஒருத்தர் தோட்டத்துக்குக் கூப்பிடறாங்க. அங்க தெனமும் மருந்து வேலை இருக்குதாம். நாளையிலேருந்து நான் அங்க போறேனுங்க. உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க."

தீர்த்தகிரி நிமிர்ந்தார். சொல்லவேண்டியது எல்லாம் வாய்வரை வந்தது. திம்மப்பனைச் சொல்லலாம், அந்த ஏழு பேரைச் சொல்லலாம். சொன்னார். கிணற்று மேட்டில் அவனை உட்காரவைத்து முழுவதும் சொன்னார். மாதையன் தலையாட்டிக் கேட்டான். கடைசியில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சரிங்க, பார்த்து அடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் மத்தூருக்கு நடந்து போனான்.